மலைநாட்டு உழவரின் வழக்கைச் சுமந்த குருவானவர்

சோட்டா நாகபுரியின் அப்போஸ்தலர் சங். கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளார், சே.ச. (1856 – 1893)



நம் விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தா நதி, மேற்கே கல்வராயன் மலையில் பிறந்து வருகிறது. ஆற்றில் செந்நீர் புரண்டு வரும்போது, மலையில் நல்ல மழை என்று மகிழ்ந்து பேசிக்கொள்கிறோம். அந்த மலையில் வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் சிலரே. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பின்னும், 1976 வரை, கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்கு வரி கொடுத்தார்கள். கூலியில்லாமல் வெட்டி வேலையும் செய்தார்கள். கீழே சமவெளியில் ரயில் ஓடியது, மின்விளக்கு எரிந்தது, தேர்தல் நடந்தது. மேலே காலம் நின்றுவிட்டது போலிருந்தது.

மலையூர்களின் துயரம் பெரும்பாலும் இப்படித்தான். அது கீழே இருப்பவர் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், அது என்ன துயரம் என்று நுணுகிக் கேட்பவர் அரிது. அப்படிக் கேட்ட ஒரு குருவானவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தம் என்று கருதுகிறோம். அவர் கால் பதித்த மலைநாடு, வடக்கே இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள சோட்டா நாகபுரி. அவர் அங்கே உழைத்தது ஏழே ஆண்டுகள்.

மலைமேல் ஓர் ஊர்

ராஞ்சியைச் சூழ்ந்த மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. மேற்கே நேத்தர்ஹாட் பக்கம் அது 3,500 அடிக்கும் மேல் உயர்கிறது. எங்கும் சால மரக்காடு. இடையிடையே மொட்டைப் பாறைக் குன்றுகள். பள்ளத்தில் படிப்படியாகக் கரை கட்டிய நெல்வயல். மேட்டில் கேழ்வரகும் சாமையும் விளையும் புன்செய். பஞ்ச காலத்தில் இலுப்பைப் பூவைப் பொறுக்கி உலர்த்தி வேகவைத்து உண்பார்கள். மண்சுவர் வைத்து ஓடு வேய்ந்த வீடுகள். ஊர் நடுவே இளைஞர் கூடி ஆடும் ஆடுகளம். அதற்கு அக்ரா என்று பெயர். ஊரோரத்தில் வெட்டாமல் விட்ட ஒரு சோலை. அதற்குச் சர்னா என்று பெயர்.

இந்த ஊர்களில் முண்டா, ஓராவோன் என்னும் இரு பெரும் பழங்குடிகள் வாழ்கிறார்கள். ஓராவோன் மக்களின் தாய்மொழியாகிய குரூக், நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. அவர்கள் கண்ணை ‘கன்’ என்றும் பல்லை ‘பல்’ என்றும் சொல்கிறார்கள்; நான் என்பதற்கு ‘ஏன்’, நீ என்பதற்கு ‘நீன்’. ஆயிரம் மைலுக்கு அப்பால் காட்டுக்குள் வாழும் அவர்கள், மொழியால் நமக்குப் பிரிந்துபோன உடன்பிறப்புகள் போன்றவர்கள்.

முண்டா மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊரை முதன்முதல் காடழித்துக் கழனியாக்கிய குடும்பத்தாரின் வழித்தோன்றல்களே அந்நிலத்தின் உரிமையாளர்கள். இதற்குக் குந்த்கட்டி உரிமை என்று பெயர். பட்டா, பத்திரம் என்று எதுவும் இல்லை. முன்னோரின் எலும்பைப் புதைத்து அதன்மேல் கிடத்திய பெருங்கற்கள்தாம் சாட்சி. எங்கள் பாட்டனார் இந்தக் கல்லின் கீழ் இருக்கிறார், ஆகவே இது எங்கள் மண் என்பதே அவர்கள் அறிந்த சட்டம். ஊருக்கு முண்டா என்ற தலைவர். பல ஊர்களுக்கு மாங்கி என்ற பெருந்தலைவர். சச்சரவுகள் அக்கூட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

நிலம் கைமாறிய கதை

இந்த ஏற்பாடு மெல்ல மெல்லக் குலைந்தது. நாகபுரி மன்னர், தம் அரண்மனைக்கு வந்த உறவினருக்கும் ஊழியருக்கும் வணிகருக்கும் கிராமங்களை மானியமாக எழுதிக் கொடுத்தார். அவர்களிடமிருந்து குத்தகை எடுத்தவர்கள் வந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது, வெளியிலிருந்து வந்த இவர்களையே நிலவுடைமையாளர் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காடழித்தவனின் பேரன், தன் பாட்டன் வெட்டிய வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான்.

வாரத்தோடு போகவில்லை. ஜமீன்தார் குதிரை வாங்கினால் அதற்கு ஒரு வரி. பல்லக்கு வாங்கினால் அதற்கு ஒரு வரி. அந்தப் பல்லக்கைச் சுமப்பதும் வரி கொடுத்தவனே. அவர் வீட்டு வயலை உழவும் நடவும் அறுக்கவும் கூலியின்றிப் போகவேண்டும். அதற்குப் பேகார் என்று பெயர். தன் வயல் பருவம் தவறிக் காய்ந்தாலும் முதலில் அவர் வயலுக்குத்தான் போகவேண்டும். செலுத்திய வாரத்துக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் அதே வாரத்தை மறுபடியும் கேட்டு வழக்குப் போட முடியும். வழக்கு ராஞ்சியில் நடக்கும். அங்கே பேசிய மொழியும் எழுதிய எழுத்தும் மலைமகனுக்குத் தெரியாது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1831-32ல் பெருங்கலகம் மூண்டு அடக்கப்பட்டது. 1858 முதல் சர்தார்கள் என்ற தலைவர்கள் மனுக்களை ஏந்திக் கல்கத்தா வரை நடந்தார்கள். 1869ல் ஒரு சட்டம் வந்து, பழைய குடிகளின் நிலங்கள் சில 1880 வரை அளந்து பதிவு செய்யப்பட்டன. 1879ல் இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் சட்டம் ராஞ்சியில் இருந்தது. உழவன் காட்டில் இருந்தான். இடையில் வழிகாட்டுவார் இல்லை. நிலம் இழந்தவர்கள் கூட்டங்கூட்டமாக அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அதே நூற்றாண்டில் நம் தமிழ்நாட்டு ஏழைகள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியது நாம் அறிந்ததே.

உழவர் வீட்டுப் பிள்ளை

கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1856 ஏப்ரல் 11 அன்று, பெல்ஜியம் நாட்டில் மேற்குப் பிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த மோர்ஸ்லேட என்னும் ஊரில், பிள்ளைகள் நிறைந்த உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஏரும் எருவும் அறுவடையும் அறிந்து வளர்ந்தவர். வாரம் கட்டும் நாள் நெருங்கும்போது உழவன் முகம் எப்படி வாடும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அன்று. குருமடத்தில் பயின்று, 1878ல் சேசு சபையில் சேர்ந்தார். 1880ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அசன்சோலில் வேத சாஸ்திரம் கற்று, 1883ல் குருப்பட்டம் பெற்றார். சில காலம் கல்கத்தாவில் ஆசிரியப் பணி. 1885 மார்ச் மாதம் சோட்டா நாகபுரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 28.

ராஞ்சிக்கு ரயில் வந்தது 1907ல்தான். அதற்கு முன் வண்டியும் குதிரையும் கால்நடையுமே வழி. ராஞ்சியை அடுத்த தோரண்டாவில், சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் தங்கிய பாளையம் இருந்தது. லீவன்ஸ் அடிகளார் முதலில் தங்கியது அந்தத் தோரண்டாவில்தான்.

அவருக்கு முன்பே அங்கு விதை ஊன்றியவர்கள் உண்டு. லுத்தரன் சபையினர் 1845லேயே ராஞ்சிக்கு வந்து, மக்களுக்கு எழுத்தறிவு ஊட்டி, நில வழக்குகளிலும் துணை நின்றார்கள். சேசு சபைக் குரு ஸ்டாக்மன் அடிகளார் 1869 முதல் சாய்பாசாப் பக்கம் உழைத்து, 1873ல் 28 முண்டா மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆயினும் 1885ல் கத்தோலிக்கர் தொகை மிகச் சிறிதே.

தோர்ப்பாவில் கேட்டறிந்தது

லீவன்ஸ் அடிகளார் ராஞ்சிக்குத் தென்மேற்கே, முண்டா ஊர்களின் நடுவே உள்ள தோர்ப்பாவுக்குப் போய்க் குடியேறினார். கோவில் இல்லை, பள்ளி இல்லை. அவர் செய்த முதல் வேலை, ஊர் ஊராய்ப் போய் உட்கார்ந்து கேட்டது. முண்டா மொழியையும் சாத்ரி மொழியையும் கற்றார். மக்கள் கொடுத்த சோற்றை உண்டார், மண்தரையில் படுத்தார். எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு ஒன்றில்தான் வந்து முடிந்தது: வயல், வாரம், பேகார், வழக்கு.

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. மக்கள் ஆன்மாவைப் பற்றிக் கேட்கவில்லையே, நிலத்தைப் பற்றியல்லவா புலம்புகிறார்கள் என்று அவர் சலித்துப் போயிருக்கலாம். அப்படிச் சலிக்கவில்லை. சட்டப் புத்தகங்களை வாங்கினார். 1869, 1879 ஆண்டுச் சட்டங்களையும், அந்தந்த ஊர் வழக்கங்களையும் கற்றுத் தேர்ந்தார். யார் பழைய குடி, யார் குத்தகைக் குடி, எந்த வயலுக்கு எவ்வளவு வாரம், எத்தனை நாள் வேலைக்குச் சட்டம் இடம் தருகிறது என்று ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே விசாரித்தார்.

அவர் மக்களுக்குக் கற்றுக் கொடுத்தது எளிமையான பாடம். நியாயமான வாரத்தைப் பாக்கியில்லாமல் கட்டு. கட்டியதற்கு ரசீது கேள். சட்டத்தில் இல்லாத வரியைக் கொடாதே. சட்டத்தில் இல்லாத வேலைக்குப் போகாதே. கையை ஓங்காதே, வழக்கு வந்தால் ஓடி ஒளியாதே, நேரில் போய் நில். வழக்குமன்றத்தில் அவர்களுக்காகப் பேச வழக்கறிஞர்களை அமர்த்தினார். சாட்சி சொல்லப் போகிறவர்களைத் தயார் செய்தார்.

சின்னச் செயலாகத் தோன்றலாம். ஆனால் அன்றுவரை கை கட்டி நின்றவன் முதன்முறை ரசீது கேட்டபோது, அந்தத் துண்டுக் காகிதம் அவன் தலையை நிமிர்த்தியது. வழக்குகள் வெற்றி பெறத் தொடங்கின. செய்தி காட்டுத் தீப்போல் ஊருக்கு ஊர் பரவியது. குதிரையில் வரும் தாடிக்கார சாமியாரைத் தேடி, இரண்டு மூன்று நாள் நடந்து மக்கள் வந்தார்கள்.

திரண்டு வந்த மக்கள்

வழக்குக்கு வந்தவர்கள், அவர் யாருக்காக இப்படி உழைக்கிறார் என்று கேட்டார்கள். வேதம் கேட்டார்கள். ஊரே திரண்டு வந்து ஞானஸ்நானம் கேட்டது. 1888ல் அவர் அம்மறைபரப்புத் தளத்தின் பொறுப்பேற்று ராஞ்சிக்கு மாறினார். 1889ல் மேற்கே, மலைச்சரிவுகளால் சூழப்பட்டு எவரும் எளிதில் போகாத பர்வே என்ற ஓராவோன் நாட்டுக்குள் நுழைந்தார். இன்று அது கும்லா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அவரைச் சூழ்ந்த கூட்டத்துக்கு எல்லையில்லை. ஒரே நாளில் பல நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கை சோர்ந்த நாள்கள் உண்டு. ஏழு ஆண்டுகளில் சோட்டா நாகபுரியில் திருச்சபையை நாடி வந்தவர்கள் பல பதினாயிரம் பேர்.

உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாம் வெற்றியாகவே இல்லை. ஜமீன்தார்கள் அரசுக்கு முறையிட்டார்கள். கலகத்தைத் தூண்டுகிறார் என்று பழி வந்தது. அதிகாரிகள் பலர் அவரை ஐயத்தோடு பார்த்தார்கள். உபதேசியார்களும் ஊர்மக்களும் கைது செய்யப்பட்டார்கள். வழக்குத் தோற்ற இடங்களில், வந்த வேகத்திலேயே விலகிப் போனவர்களும் உண்டு. நிலத்துக்காக வந்தவர்கள்தானே என்று சபைக்குள்ளேயே சிலர் ஐயுற்றார்கள். இவ்வளவு பேரை இவ்வளவு விரைவில் சேர்த்தது சரியா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. இன்றும் வரலாற்றாசிரியர்கள் அதைக் கேட்கிறார்கள். அது கேட்கத் தகுந்த கேள்வியே.

லீவன்ஸ் அடிகளார் அதற்கு வாதத்தால் பதில் தேடவில்லை. வந்தவர்கள் நிலைத்திருக்க என்ன வேண்டும் என்று பார்த்தார். பள்ளிகள் வேண்டும், உபதேசியார்கள் வேண்டும், பெண்களுக்குக் கன்னியர் வேண்டும். 1890ல் லொரேட்டோ கன்னியர் ராஞ்சிக்கு வந்தார்கள். கல்கத்தாப் பேராயர் பவுல் கோத்தல்ஸ் ஆண்டகை அவருக்குப் பக்கபலமாய் இருந்தார். பெல்ஜியத்திலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள்.

எரிந்து முடிந்த திரி

ஆனால் உடல் தாங்கவில்லை. மழையில் நனைந்து, வெயிலில் உலர்ந்து, கிடைத்ததை உண்டு, குதிரைமேல் பகலையும் வழக்குக் கட்டுகளோடு இரவையும் கழித்தவரைக் காசநோய் பற்றியது. குளிர்ந்த மலைப்பகுதியில் ஓய்வெடுக்க அனுப்பினார்கள். சற்றுத் தேறியதும் திரும்பி வந்துவிட்டார். மீண்டும் விழுந்தார். 1892ல் அவரைத் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றினார்கள். அவர் மனம் ராஞ்சியில் இருந்தது. தேறித் திரும்பவேண்டும் என்ற நினைவோடே, 1893 நவம்பர் 7 அன்று, பெல்ஜியத்தில் லூவேன் நகரில் உயிர் நீத்தார். வயது 37.

நூறு ஆண்டுகள் கழித்து, 1993ல், அவருடைய எலும்புகளை ராஞ்சி மக்கள் எடுத்துவந்து தங்கள் பேராலயத்தில் வைத்தார்கள். முன்னோரின் எலும்பு இருக்கும் இடமே தங்கள் மண் என்று நம்பிய மக்கள், பிளாண்டர்ஸ் உழவர் மகனையும் தங்கள் முன்னோராக்கிக் கொண்டார்கள். 2001ல் அவருக்குப் புனிதர் பட்ட விசாரணை தொடங்கியது. இன்று அவர் இறை ஊழியர் என்று போற்றப்படுகிறார்.

அவருக்குப் பின்

அவர் தொடங்கிய வேலை அவரோடு சாகவில்லை. 1897ல் ராஞ்சியில் பெர்னதெத் பிரசாத் கிஸ்போட்டா என்ற ஓராவோன் பெண்ணும் தோழியரும் சேர்ந்து புனித அன்னாள் கன்னியர் சபையைத் தொடங்கினார்கள். நிலத் துயரமும் தீர்ந்துவிடவில்லை. 1899-1900ல் பிர்சா முண்டா தலைமையில் மலைமக்கள் பொங்கி எழுந்தார்கள். அந்த எழுச்சி வெளியாரை எதிர்த்தது; மறைபோதகர்களையும் விட்டுவைக்கவில்லை. பிர்சா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில், இருபத்தைந்து வயதளவில் இறந்தார். சாலைக்குச் சாலை இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. மக்களின் அந்தப் போராட்டமும், ரசீதும் சட்டமும் கொண்டு நடந்த நெடிய உழைப்பும் சேர்ந்தே அரசை அசைத்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1908ல் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடியின் நிலம் வெளியார் கைக்குப் போகாதபடி அது தடுத்தது. குந்த்கட்டி உரிமையைச் சட்டத்தில் ஏற்றது. அதை உருவாக்குவதில், லீவன்ஸ் அடிகளாரின் உடனூழியரான ஜெர்மானியக் குரு ஹாஃப்மன் அடிகளாரின் அறிவு பெரிதும் பயன்பட்டது. அவரே 1909ல் கத்தோலிக்கக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மக்களை வட்டிக் கடையிலிருந்து மீட்டார். ராஞ்சி 1927ல் மறைமாவட்டமும் 1953ல் உயர் மறைமாவட்டமும் ஆயிற்று. ஓராவோன் குடியில் பிறந்த தெலஸ்போர் டோப்போ ஆண்டகை 2003ல் கர்தினால் ஆனார். 2023ல் இறைவனடி சேர்ந்தார். 2000 நவம்பர் 15 அன்று, பிர்சாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது.

நம் வாசலில்

நம் ஊர் மண்ணை நம்பிய ஊர். களிமண்ணை அரைத்து அச்சில் வார்த்துச் சூளையிலிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மண் ஒருவனுக்குச் சோறு என்பதும், அந்த மண் கைவிட்டுப் போனால் என்னவாகும் என்பதும் நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜார்க்கண்ட் மலையூர்களின் பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டின் கட்டட வேலைகளிலும் ஆலைகளிலும் உழைக்கிறார்கள். அவர்களைப் பொதுவாக வடநாட்டார் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அவர்களுள் சிலர் லீவன்ஸ் அடிகளார் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையாக இருக்கக்கூடும். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், மொழி புரியாமல், முழந்தாளிட்டிருக்கும் ஓர் இளைஞனைக் கண்டால், பூசை முடிந்ததும் அவனிடம் போய் ஊர் பெயரைக் கேட்போம். கூலி சரியாக வருகிறதா என்று கேட்போம். ஊரில் நிலம் இருக்கிறதா, அடகில் இருக்கிறதா என்று கேட்போம். முடிந்தால், வாங்கிய கூலிக்குக் கணக்கு எழுதிவைக்கக் கற்றுக் கொடுப்போம்.

லீவன்ஸ் அடிகளார் செய்ததும் இதுதான். பொதுவாக இரங்கிவிட்டுப் போகாமல், ஒவ்வொருவரின் வயலையும் வாரத்தையும் பெயர் சொல்லி விசாரித்தார். கோவில் கட்டுவதற்கு முன் அந்த வேலையைச் செய்தார். பிறகு கோவில் தானே எழுந்தது. நம் பங்கின் ஜூபிலி ஆண்டில், கட்டிய சுவர்களை எண்ணி இறைவனுக்கு நன்றி கூறும் நாம், விசாரித்து அறிந்த அயலாரையும் எண்ணிப் பார்ப்போமாக. மலைநாட்டு உழவரின் துயர் கேட்ட அந்த நல்ல குருவானவரைப் போல், கேட்கும் செவியை இறைவன் நமக்கும் அருள்வாராக.